இரண்டு புளியங்கொட்டை

சித்தியின் கருநீலப் பருத்திப் புடவை ஒன்று என் பீரோவில் இருக்கிறது. கடுகு மஞ்சளில் மெல்லிய கரை. முந்தானை நுனியில் ஒரு முடிச்சு. பெண்கள் முந்தானையில் சில்லறை முடிந்துகொள்வது உண்டு. சித்தி முடிந்து வைத்தது புளியங்கொட்டை, அதுவும் எனக்காக. சின்ன வயதில் யாராவது என் கையைப் பிடித்தால் பிடித்த இடம் எரியும். உதறிவிட்டு ஓடுவேன். ஓடிப்போய் பஸ்ஸில் அடிபடுவேன் என்று அம்மாவுக்குப் பயம். சித்திதான் ஒருநாள் சமையலறைப் புளியிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துக் கழுவித் துடைத்து, முந்தானை நுனியில் வைத்து இறுக்கி முடிந்து என் முன்னால் நீட்டினாள். "கையெல்லாம் பிடிக்க வேணாம்டி. இதப் பிடிச்சுக்க. நான் போற எடத்துக்கெல்லாம் நீயும் வந்துடலாம்." விரல்களுக்கு நடுவே, துணிக்குள்ளே, வழுவழுவென்று கெட்டியாக ஒன்று உருண்டது. அதற்கப்புறம் வீட்டை விட்டு வெளியே போவது என்றால் எனக்கு அந்த முடிச்சைப் பிடிப்பது என்றுதான் அர்த்தம்.

சித்தி அம்மாவின் தங்கை. சித்தப்பா வளைகுடாவில் வேலையாக இருந்ததால், திருவெறும்பூரில் அப்பாவுக்குக் கொடுத்திருந்த தொழிற்சாலைக் குடியிருப்பில் எங்களோடுதான் இருந்தாள். எனக்கு இருப்பது ஆட்டிசம் என்று முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் ஒரு டாக்டர் சொன்னார். அதுவரைக்கும் பிடிவாதக்காரி, ஒரு மாதிரி, பயந்த கோளாறு என்று ஆளுக்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள். இப்போது ஆட்டிசம் என்று சொன்னாலும், "பாத்தா அப்படித் தெரியலையே" என்கிறார்கள். பார்த்தவுடனே தெரிய நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா திரிவது? எனக்கு உலகம் ரொம்பச் சத்தமாகக் கேட்கிறது, அவ்வளவுதான். ட்யூப்லைட் முனகுவது கேட்கும். அடுத்த வீட்டு மிக்ஸி பல்லுக்குள் ஓடும். முகங்களை நான் பார்ப்பதில்லை. அவை ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கின்றன. ஆட்களை வேறு விதமாக அடையாளம் வைத்திருந்தேன். இயந்திர எண்ணெய் வாசனையும் தேய்த்து நடக்கிற செருப்பும் அப்பா. கண்ணாடி வளையல் சத்தம் சித்தி. வேறு யார் வளையல் போட்டிருந்தாலும் எனக்குக் காது கூசும். சித்தியுடையது மட்டும் கூசாது.

பொது இடங்களில் என்னைக் கூட்டிக்கொண்டு போவது அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு கோர்ட்டு வழக்கு மாதிரி நடந்தது. ஸ்ரீரங்கம் கோயிலில் ஒரு விசேஷ நாளில், மேளமும் மணியும் ஒன்றாக எழுந்தபோது நான் கருங்கல் தரையில் விழுந்து காதைப் பொத்திக்கொண்டு கத்தினேன். கூட்டம் வளைத்துக்கொண்டது. காத்து கருப்பு அண்டியிருக்கு என்று யாரோ சொன்னார்கள். இன்னொருவர் என் வாயில் தீர்த்தத்தை ஊற்றினார். அப்பாவுக்கு அது பெரிய அவமானம். வீட்டுக்கு வந்து அவர் கத்தவில்லை. இனிமேல் இவள் ஸ்கூலுக்குப் போகட்டும், வீட்டுக்கு வரட்டும், வேறு எங்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் ஸ்கூலும் நின்றது. ஜன்னல் கம்பியின் நிழல் எந்த நேரத்தில் எந்தத் தரை ஓட்டில் விழும் என்பதுதான் எனக்கு மிச்சம். அந்த வீட்டில் நான் எவ்வளவு துக்கமாக இருந்தேன் என்பதைச் சொல்ல எனக்கு அப்போது வார்த்தை இல்லை. சித்திக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

"அத்தான், ஒரே ஒரு எடம். கூட்டம் இருக்காது, மேளம் இருக்காது. நான் பாத்துக்கறேன்" என்று அவள் அப்பாவிடம் நாள்கணக்கில் கேட்டாள். கடைசியில் அப்பா சரி என்றார், ஒரு நிபந்தனையோடு. "இன்னொரு தடவ ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா அதோட முடிஞ்சுது. அப்புறம் நீ எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது." அந்த ஒரே இடம் மலைக்கோட்டைப் பக்கத்தில், பழைய தர்பார் மண்டபத்தில் இருக்கும் மியூசியம்.

வெளியே இரைச்சலான கடைத்தெரு. உள்ளே நுழைந்ததும் சத்தமெல்லாம் உயரமான கூரைக்குப் போய் அடங்கிவிடும். பொருள்கள் கண்ணாடிக்குள் இருந்தன. யாரும் எதையும் தொடக்கூடாது என்று எழுதி வைத்திருந்தார்கள். தொடக்கூடாது என்பதே சட்டமாக இருந்த ஓர் இடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனோம். முதலில் காசுகள், பிறகு வாள்கள், அப்புறம் வெண்கலச் சிலைகள், கடைசியில் பாடம் பண்ணின பறவைகள். அந்த வரிசை மாறக் கூடாது. பறவைகளுக்கு முன்னால் ஓர் ஆந்தை தனிப் பெட்டியில் இருந்தது. அதன் கண்ணாடிக் கண்ணில் ஒன்று லேசாகத் திரும்பியிருந்ததால் அது பெட்டிக்கு வெளியே யாரையோ பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டியை மட்டும் நிற்காமல் கடக்க வேண்டும். சித்தி இதை மறந்து மறந்து போவாள். நான் முடிச்சை இழுப்பேன். "சரிடி, சரிடி" என்று வேகமாக நடப்பாள். புடவையும் மாறக் கூடாது. கருநீலம்தான். வேறு கட்டினால் நான் படி இறங்க மாட்டேன்.

அந்தக் கருநீலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தீபாவளிக்கு முன்னால் குடியிருப்புக் கூட்டுறவுக் கடைக்குப் புடவைகள் மூட்டையாக வரும். விலையைச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார்கள் என்பதால் எல்லா வீட்டிலும் அங்கேதான் எடுப்பார்கள். அந்த வருஷம் வந்த மூட்டையில் இந்தக் கருநீலமும் கடுகு மஞ்சள் கரையும்தான் நல்ல துணி. எங்கள் குடியிருப்பில் பாதிப் பெண்கள் அதையே கட்டிக்கொண்டு திரிந்தார்கள். அதை வைத்து ஆளை அடையாளம் சொல்லக் கூடாது. நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் காசுகளுக்கு முன்னால் நின்றபோது ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மொத்தமாக உள்ளே நுழைந்தார்கள். மேலே போய் அடங்குகிற சத்தம் அன்று மேலே இருந்து கொட்டியது. நான் முடிச்சை விட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்தி, கண்ணை மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது என் முன்னால் கருநீலப் புடவை இருந்தது. முந்தானை பின்னால் தொங்கியது, நுனியில் முடிச்சு. பிடித்துக்கொண்டேன். அது நடக்க ஆரம்பித்தது.

இரண்டடி போனதும் விரல் எனக்கு ஒன்று சொன்னது. முடிச்சுக்குள் இரண்டு கொட்டைகள் இருந்தன. உருட்டினால் ஒன்றோடு ஒன்று உரசி 'டக்' என்றது. ஒன்று இளைத்தும் இன்னொன்று பருத்தும் இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன், வளையல் சத்தமே இல்லை. முன்னால் போகிறவளிடமிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. கத்தியிருக்க வேண்டும். ஏன் கத்தவில்லை என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என்னிடம் பேசவில்லை. பேர் என்ன, அம்மா எங்கே என்று கேட்கவில்லை, குனிந்து முகத்தைக் கொண்டுவந்து காட்டவில்லை. அவ்வளவு மரியாதையாக அதுவரை யாரும் என்னோடு நடந்ததில்லை.

வாள்களிடம் போனாள். அங்கே நான் நிற்கிற நேரம் நின்றாள். நான் பார்த்து முடிக்கிற அந்த நொடியில் கிளம்பினாள். வெண்கலச் சிலைகளில் நான் ஒன்றின் கால் விரல்களை மட்டும்தான் பார்ப்பேன். அவள் சரியாக அந்தப் பெட்டியின் முன்னால் போய் நின்றாள். ஆந்தை வந்தது. அவள் தலையைக் கொஞ்சம் மறுபக்கம் திருப்பிக்கொண்டு நிற்காமல் கடந்தாள். நான் முடிச்சை இழுக்கவே இல்லை. சித்திக்கு இத்தனை மாதமாகப் பிடிபடாத ஒன்று இவளுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. பறவைகளின் பெரிய கண்ணாடியில் எங்கள் இரண்டு பேர் உருவமும் விழுந்தது. கருநீலப் புடவையில் ஒரு பெண், அவள் பின்னால் நான். அவளுடைய முகம் இருக்க வேண்டிய இடத்தில் ட்யூப்லைட்டின் வெளிச்சம் வெள்ளையாக நின்றது. நான் தள்ளி நின்று பார்த்தேன். வெளிச்சமும் தள்ளிக்கொண்டது.

வாசல் தூண் அருகே முடிச்சு என் விரலிலிருந்து மெல்ல உருவிக்கொண்டு போனது. பிடுங்கியது போல இல்லை, பத்திரமாகத் திருப்பி வாங்கிக்கொண்டது போல. அதே நேரம் வெளியே வளையல் சத்தம் கேட்டது. என்னைத் தேடிப் போயிருந்த, கல் சிலைகள் வைத்திருக்கும் தோட்டத்திலிருந்து சித்தி ஓடி வந்துகொண்டிருந்தாள். அழுதிருந்தாள், மூச்சு இரைத்தது. நான் திரும்பிப் பார்த்தேன். தூண் பக்கத்தில் யாரும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த காக்கிச் சட்டைக்காரர்தான் சித்தியைப் பார்த்துக் கேட்டார். "என்னம்மா, இப்பத்தான உள்ளருந்து நடந்து வந்தீங்க, பாப்பா பின்னாடியே வந்துச்சு. அதுக்குள்ள எப்படி வெளிய போனீங்க?"

சித்தி முடிச்சை என் விரலில் வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குப் பொய் வராது. அது ஒழுக்கம் இல்லை, கண் இமைப்பதைப் போல ஒரு பழக்கம். கேட்டால் உள்ளது வந்துவிடும். சித்திக்கு அது தெரியும். வீட்டில் அப்பா காபி குடித்துக்கொண்டே, "என்ன பாத்துட்டு வந்த?" என்று கேட்டார். நான் சொன்னேன். "சித்தி காணாமப் போயிடுச்சு. இன்னொரு சித்தி என்னைக் கூட்டிட்டு வந்துச்சு. அந்தச் சித்திக்கு வளையல் இல்ல. முடிச்சுல ரெண்டு கொட்டை இருந்துச்சு."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "யாரு அது?"

அந்த நொடியில் என் வாழ்க்கை எந்தப் பக்கம் விழும் என்பது சித்தியின் வாயில் இருந்தது. யாரோ முன்பின் தெரியாதவள் குழந்தையை அழைத்துக்கொண்டு சுற்றினாள் என்றால் மியூசியம் அன்றோடு முடிந்தது. எனக்கு மறுபடியும் ஜன்னல் நிழல்தான். சித்தி நிதானமாகச் சொன்னாள். "யாரும் இல்ல அத்தான். கூட்டம் வந்துடுச்சு, பிடி நழுவிடுச்சு. இவளாவே மொத்தமும் சுத்தி, ஒரு சத்தம் போடாம, வாசலுக்கு வந்து நின்னா. நான்தான் அழுதுட்டு இருந்தேன், இவ அழல."

"தனியாவா?"

"தனியாத்தான்."

நான் விடவில்லை. இருந்துச்சு, ரெண்டு கொட்டை இருந்துச்சு என்று கத்தினேன். சித்தி என் முன்னால் உட்கார்ந்து முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். "எண்ணிப் பாரு. ஒண்ணுதான இருக்கு?" ஒன்றுதான் இருந்தது. அவள் அதைத் தானும் ஒருமுறை தடவிப் பார்த்ததை நான் கவனித்தேன், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா டம்ளரை மறுபடி கையில் எடுத்தார். "பரவால்லயே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறு ஞாயிற்றுக்கிழமையும் போனோம். அடுத்த வருஷம் வேறொரு ஸ்கூலில் சேர்த்தார்கள். நான் படித்தேன், வேலைக்கு வந்தேன். இவள் தனியாகச் சுற்றி வந்தவள் என்ற அந்த ஒரு பேச்சு எனக்கு முன்னால் நடந்து எத்தனையோ கதவுகளைத் திறந்தது. அது உண்மையில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இருந்தேன். மியூசியத்தில் அதற்குப் பிறகு சித்தி ஒவ்வொரு தூணையும் தாண்டும்போது பின்னால் பார்ப்பாள். என்னைப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

சித்தப்பா இறந்த பிறகு சித்தி ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன ஃப்ளாட் எடுத்தாள், நானும் அவளோடு வந்துவிட்டேன். எனக்குக் கம்ப்யூட்டரில் வீட்டிலிருந்தே செய்கிற வேலை. வெளியே போவதெல்லாம் சித்தியோடுதான். போன வருஷம் அவள் படுக்கையில் விழுந்தாள். ஒரு மத்தியானம் நான் தண்ணீர் கொடுத்தபோது, ஏதோ பாதியில் விட்ட பேச்சைத் தொடர்வதுபோல, "அன்னிக்கு மியூசியத்துல அந்த ஆளு சொன்னது எனக்கும் கேட்டுச்சுடி" என்றாள். "அவ உன்ன அழ விடல இல்ல? அது போதும்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. சில நாளில் போய்விட்டாள்.

அப்பா ரிட்டயர் ஆன பிறகும் திருவெறும்பூரில் அதே வீட்டை வாடகைக்கு வைத்திருந்தார். அங்கிருந்து தினமும் போன் செய்தார். தனியாக எப்படி இருப்பாய், இங்கே வந்துவிடு, உன் ரூம் அப்படியேதான் இருக்கிறது என்றார். அப்படியேதான் இருக்கிறது என்று அவர் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த ஜன்னலும் அப்படியேதான் இருக்கும். நான் வர மாட்டேன் என்றேன். "சரி. ஒரு எடத்துக்குத் தனியா போயிட்டு வந்துடு. அப்புறம் நான் கேக்கல" என்றார். இத்தனை வயதுக்கு அப்புறமும் அவரிடம் நிபந்தனைகள் இருந்தன. எனக்கும் போக இருந்தது ஒரே இடம்தான்.

வெளியே போகப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். நான் சாதாரணமாகப் புடவை கட்டுவதில்லை, உடம்பில் குத்தும். சித்தியின் கருநீலம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்தது. கட்டிப் பார்த்தேன், குத்தவில்லை. முந்தானை நுனியில் பழைய முடிச்சு லொடலொடவென்று இருந்தது. கொட்டை தோல் உரிந்து இளைத்துப்போய் விரலில் நிற்கவில்லை. சித்தி வைத்தது என்பதால் எறிய மனம் வரவில்லை. சமையலறைக்குப் போய்ப் புதிதாக ஒன்றை எடுத்துக் கழுவி, பழையதோடு சேர்த்து வைத்து இறுக்கி முடிந்தேன். அந்த நேரத்தில் எனக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிறவள் நான். அன்று வரவில்லை, அவ்வளவுதான்.

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். காவிரிப் பாலம் முழுக்க டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. முந்தானையை முன்னால் கொண்டுவந்து முடிச்சை உருட்டிக்கொண்டே வந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கடைத்தெருவைக் கடக்கும்போது இரண்டு தடவை திரும்பிப் போய்விடலாம் என்று நின்றேன். திரும்பினால் அந்த ஜன்னல். நடந்தேன். மியூசியத்துக்குள் நுழைந்ததும் சத்தம் மேலே போய்விட்டது. ட்யூப்லைட்டுக்குப் பதிலாக வேறு விளக்குகள் வந்திருந்தன. காசுகள் அதே இடத்தில் இருந்தன. அங்கே நின்றபோதுதான் வெளியே எங்கேயோ ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. முடிச்சை விட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன். முந்தானை பின்னால் போய்த் தொங்கியது.

உறுமல் பழகியதும் கையை எடுத்தேன். முந்தானை இழுபட்டது. மிக மெல்ல. பிறகு பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. 'டக்'. கொட்டையும் கொட்டையும் உரசுகிற சத்தம்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. என் மணிக்கட்டைப் பார்த்தேன். நான் வளையல் போடுவதில்லை. திரும்பினால் முடிச்சைப் பிடித்திருப்பது யார் என்று தெரிந்துவிடும். ஆனால் திரும்பி, தெரியாத முகத்தைக் காட்டினால் அந்தக் குழந்தை கத்தும், விழும், கூட்டம் கூடும், அதன் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அத்தோடு முடிந்துபோகும். இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் வாள்களைப் பார்க்க நடந்தேன். பின்னால் இழுவை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வெண்கலச் சிலையின் கால் விரல்களுக்கு முன்னால் நின்றேன். போதும் என்று எனக்குத் தோன்றியபோது கிளம்பினேன். ஆந்தை இன்னும் அங்கேதான் இருந்தது. தலையைத் திருப்பிக்கொண்டு கடந்தேன். பறவைகளின் கண்ணாடியில் கருநீலப் புடவை தெரிந்தது. என் முகம் இருக்க வேண்டிய இடத்தில் விளக்கின் வெளிச்சம். என் பின்னால் எது தெரிகிறது என்று நான் பார்க்கவில்லை. பார்த்தால் என்னால் நடக்க முடியாது.

வாசல் தூண் அருகே கையைப் பின்னால் கொண்டுபோய் முந்தானையை மெல்ல உருவி எடுத்துக்கொண்டேன். பிடி விட்டுக்கொடுத்தது. வெளியே தோட்டத்தில் கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது, எனக்குக் காது கூசாத சத்தம். பிறகு அதுவும் நின்றது. நான் திரும்பினேன்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்தாள். "யாரயாவது தேடுறீங்களா மேடம்?"

"என் பின்னாடி ஒரு சின்னப் பொண்ணு வந்தாளா?"

"இல்லீங்களே. நீங்க தனியாத்தான் சுத்திட்டு இருந்தீங்க. நான் பாத்துட்டே இருந்தேன்."

வீட்டுக்கு வந்து புடவையை மாற்றி, மடித்து வைக்க எடுத்தேன். போன் அடித்தது. "தனியாவா போயிட்டு வந்த?" என்று அப்பா கேட்டார். அன்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்ட அதே குரல், கொஞ்சம் வயதாகியிருந்தது. எனக்குப் பொய் வராது என்று சொன்னேன் இல்லையா. முடிச்சைக் கையில் எடுத்தேன். சின்ன வயதில் என் உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருக்கும். முந்தானையை ஈரமாக்கிவிடுகிறாய் என்று சித்தி சலித்துக்கொள்வாள். இப்போது அப்படி வேர்ப்பதில்லை. முடிச்சு நனைந்திருந்தது.

"தனியாத்தான்ப்பா" என்றேன்.